பசுவும் கன்றும் பாட்டு தெரியும்... அதை எழுதின வாத்தியாரைத் தெரியுமா? கவிமணியின் கதை

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டை பக்கத்துல பாளையம்பட்டி. அக்கா மகள் வாசல் திண்ணையில உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தை மடியில வெச்சு ஒரு செய்யுளை மனப்பாடம் பண்ணிட்டு இருந்தாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நான்ஸ்டாப் பஸ் மாதிரி எந்த இடத்திலும் நிற்காமல் ஒப்பித்து முடித்தாள். ஒரு எழுத்துகூட தப்பில்லை.

பாட்டு என்ன சொல்லுதுன்னு கேட்டேன். அது பரீட்சைக்கு வராது சித்தி என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

பத்து நிமிஷம் கழித்து, முந்தின நாள் ராத்திரி வீட்டு வெள்ளாடு குட்டி போட்ட கதையை ஆரம்பித்தாள். குட்டி எப்படி எழுந்து நின்றது, எப்படி மடிந்து விழுந்தது, தொழுவத்தில் கிடந்த பச்சை வாளியை அம்மா என்று நினைத்து எப்படி முட்டியது... கையை ஆட்டி, குரலை மாற்றி, ஆடு மாதிரியே கத்திக் காட்டிச் சொன்னாள். அதை எழுதித் தாயேன் என்றதும் முகம் சுருங்கிப் போச்சு. இதையெல்லாம் எழுதுவாங்களா என்கிற மாதிரி பார்த்தாள்.

வாயில் இவ்வளவு கவிதை இருக்கிற குழந்தை, நோட்டைத் திறந்ததும் ஏன் ஊமையாகிடுது?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே, பேச்சா இல்லாமல் பாட்டா பதில் எழுதி வெச்சிட்டுப் போனவர் ஒரு தமிழ் வாத்தியார். பெயர் தேசிக விநாயகம் பிள்ளை. நமக்கு கவிமணி. தோட்டத்தில் மேயுற பசுவையும், அதைப் பார்த்துத் துள்ளி ஓடுற கன்றையும் பற்றின அந்தச் சின்னப் பாட்டை பாலர் வகுப்பில் பாடாதவர்கள் தமிழ்நாட்டில் ரொம்பக் குறைவு. அதை எழுதினவர் இவர்தான்.

யார் இந்த கவிமணி?

சுருக்கமா பார்த்துவிடலாம்.

* பிறந்த நாள்: 27 ஜூலை 1876
* ஊர்: தேரூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம்
* வேலை: 36 ஆண்டுகள் ஆசிரியர். 1931-ல் ஓய்வு
* முக்கிய நூல்கள்: மலரும் மாலையும், ஆசிய ஜோதி, நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம், உமர்கய்யாம் பாடல்கள், குழந்தைச் செல்வம்
* மறைவு: 26 செப்டம்பர் 1954

மகளிர் தினம் வந்தா வாட்ஸ்அப்பில் சுற்றுமே, பெண்ணாகப் பிறக்கவே பெரிய தவம் செய்திருக்க வேண்டும் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. அதுவும் இவர் எழுதினதுதான். பெயர் தெரியாமலே நாம் பாடிக்கிட்டும் ஃபார்வேர்டு பண்ணிக்கிட்டும் இருக்கிற கவிஞர் இவர்.

பள்ளிக்கூடத்தில் மலையாளம், மடத்தில் தமிழ்

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் தெற்கே போனால், திருநெல்வேலி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் வறண்ட பூமிதான். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினதும் எல்லாமே மாறிடும். வயல், தென்னை, குளம், மலை. அதுதான் நாஞ்சில் நாடு. சுசீந்திரம் பக்கத்தில், பறவைகள் கூட்டம் கூட்டமா வந்து இறங்குற பெரிய குளம் இருக்கிற ஊர் தேரூர். அங்கேதான் பிறந்தார். அப்பா சிவதாணுப் பிள்ளை, அம்மா ஆதிலட்சுமி.

சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாவின் கவனிப்பில்தான் வளர்ந்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அன்றைக்கு தேரூர் தமிழர்கள் வாழ்ந்த ஊர். ஆனால் அரசாங்கம் திருவிதாங்கூர் ராஜாவுடையது. அதனால் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மலையாளம். வீட்டில் பேசின தமிழை முறையாகக் கற்க, பள்ளிக்கு வெளியேதான் போக வேண்டி இருந்தது. தேரூரை ஒட்டி வாணன்திட்டு என்ற இடத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தின் மடம் இருந்தது. அங்கிருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் படித்தார்.

அதாவது, பின்னாளில் தமிழ்க் குழந்தைகளுக்கு முதல் பாட்டு எழுதிக் கொடுத்தவருக்கு, அவர் குழந்தையாக இருந்தப்போ தாய்மொழி ஒரு தனி வகுப்பாகத்தான் கிடைத்தது. வீட்டில் பேசுற மொழி ஒன்று, நோட்டில் எழுதுற மொழி வேறொன்று. இந்த இடைவெளியை அவர் கேள்விப்பட்டு அல்ல, வாழ்ந்து தெரிந்துகொண்டவர்.

மடத்தில் படித்த தமிழ் லேசான தமிழ் இல்லை. இலக்கணம், பிரபந்தம், விருத்தம் என்று பழைய முறைப் படிப்பு. அவர் ஆரம்பத்தில் எழுதினதும் அந்த வகைதான். அழகம்மை ஆசிரிய விருத்தம் என்ற பக்தி நூல் அப்படி வந்தது. கஷ்டமான தமிழ் அவருக்கு நல்லாவே வரும். தெரியாததால் எளிமையாக எழுதினவர் இல்லை, தெரிந்தே எளிமையைத் தேர்ந்தெடுத்தவர். இது முக்கியமான வித்தியாசம்.

வாத்தியாருக்கே வாத்தியார்

படிப்பு முடித்து ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். கோட்டாறு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. பிறகு நாகர்கோவிலில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை. அதற்குப் பின் திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் வேலை.

இந்த மூன்று இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் சின்னக் குழந்தைகள். அடுத்து, குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிற வாத்தியார்கள். கடைசியில், பெண் பிள்ளைகள் காலேஜ் வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், அங்கே படிக்க வந்த மாணவிகள். ஒரு வகுப்பறையை எத்தனை பக்கத்திலிருந்து பார்க்க முடியுமோ, அத்தனை பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டார்.

1901-ல் திருமணம். மனைவி உமையம்மை, நாகர்கோவில் பக்கத்துப் புத்தேரியைச் சேர்ந்தவர். இந்தத் தம்பதிக்குச் சொந்தக் குழந்தைகள் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் மழலையில் பாடினது அவர் பாட்டைத்தான். 1931-ல் ஓய்வு பெற்றதும் புத்தேரியிலேயே தங்கிவிட்டார்.

அவருக்கு முன்னாடி குழந்தைகள் எதைப் படித்தார்கள்?

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மணலில் விரலால் எழுத்து. பிறகு ஓலை, எழுத்தாணி. எழுத்து முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி. சத்தம் போட்டுச் சொல்லணும், மனப்பாடம் ஆகணும். சரியா சொல்லலைன்னா பிரம்பு.

அந்த நூல்களைக் குறை சொல்ல முடியாது. சின்னச் சின்ன வரியில் பெரிய விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தவை, பல நூறு வருஷம் நின்றவை. ஆனால் ஒன்று இருக்கு. அவை பெரியவர் குழந்தையைப் பார்த்துச் சொல்றவை. இதைச் செய், அதைச் செய்யாதே. அங்கே குழந்தையின் வேலை கேட்பதும் திருப்பிச் சொல்வதும்தான். தான் பார்த்ததைத் தானே சொல்ல அங்கே இடம் இல்லை.

இந்த இடத்தில்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு திருப்பம் வருது. பாரதியார் பாப்பாவைக் கூப்பிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு பாட்டு எழுதினார். கவிமணி இன்னொரு வேலை செய்தார். குழந்தைக்குப் பக்கத்தில் உட்காராமல், குழந்தையின் கண்ணுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

பசுவும் கன்றும் பாட்டையே எடுத்துக்கோங்க. பசு மேயுது. கன்று ஓடுது. அம்மா நக்கிக் கொடுக்குது. கன்று பால் குடிக்குது. அவ்வளவுதான். அம்மாவிடம் அன்பாயிரு என்ற புத்திமதி எங்கேயும் கிடையாது. அது தேவையும் இல்லை. பாட்டு முடியும்போது குழந்தைக்கு அன்பு புரிந்துவிடுகிறது. கேட்டு வந்தது இல்லை, பார்த்து வந்தது.

சிரிச்சுக்கிட்டே ஒரு பாடம்

கவிமணி கதைப்பாட்டும் நிறைய எழுதினார். நெற்பானையும் எலியும் என்ற கதை அதில் ஒன்று. நெல் வைத்த பானைக்குள் ஓட்டை வழியா நுழைந்த எலி, மூக்குப் பிடிக்கத் தின்னுது. வயிறு உப்பிப் போச்சு. இப்போ வந்த ஓட்டை வழியா வெளியே போக முடியலை. பேராசை கூடாது என்று வாத்தியார் சொல்லத் தேவையில்லாமல், வகுப்பே எலியைப் பார்த்துச் சிரித்து முடித்திருக்கும். ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கு எழுதப்பட்ட சில கவிதைகளையும் தமிழுக்குத் தழுவிக் கொடுத்தார்.

1938-ல் மலரும் மாலையும் தொகுப்பு வந்தது. அப்போ அவருக்கு வயசு 62. பல வருஷமாக இங்கேயும் அங்கேயும் வந்த பாட்டுகள் ஒரே புத்தகமாகச் சேர்ந்தன. குழந்தைப் பாட்டு, இயற்கை, பக்தி, சமூகம், தேசியம் எல்லாம் அதில் உண்டு.

பாரதியைப் பற்றியும் ஒரு பாட்டு எழுதினார். பண்டிதர் பாராட்டுற மாதிரி இல்லை. பாரதி பாட்டைக் கேட்டுச் சொக்கிப்போன ஒரு கிராமத்து ஆள் தன் பாஷையில் பேசுகிற மாதிரி எழுதினார். கொச்சை என்று தள்ளி வைக்கப்பட்ட பேச்சுத் தமிழுக்குப் பாட்டில் இடம் உண்டு என்பதை அவரே எழுதிக் காட்டின மாதிரி ஆச்சு.

குழந்தைப் பாட்டுக்காரர் மட்டும்தானா?

இல்லவே இல்லை. அவருடைய ரொம்பத் துணிச்சலான வேலை, நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்.

மருமக்கள்வழி என்றால் என்ன? ஒருவர் செத்தால் சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாது. அக்கா, தங்கை பிள்ளைகளுக்குப் போகும். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் இந்த வழக்கம் இருந்தது. குடும்பத் தலைவரான காரணவர் இறந்தால், அவர் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்கிற நிலைமைகூட வரும். கவிமணி தன் சொந்தச் சமூகத்திலேயே இதைப் பார்த்தார்.

அவர் கண்டனக் கட்டுரை எழுதவில்லை. காரணவர் ஒருவரின் மனைவி தன் கதையைத் தானே சொல்ற மாதிரி, நாஞ்சில் நாட்டு வீட்டுப் பேச்சில், கேலியும் கண்ணீருமா ஒரு நீளக் கவிதை எழுதினார். மாமியார் சண்டை, நாத்தனார் குத்தல், சோத்துக் கணக்கு, கோர்ட் வழக்கு எல்லாம் அதில் வரும். முதலில் பத்திரிகையில் தொடராக வந்து ஊரெல்லாம் பேச்சானது. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர்களின் சொத்துரிமையை மாற்றிச் சட்டம் வந்தது. அதற்காகப் பலர் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்தக் கவிதைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதுக்கும் குழந்தைப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். இருக்கு. யார் பேச வேண்டுமோ அவர்களையே, அவர்கள் வாய்ப்பேச்சிலேயே பேச விடணும். கன்றைப் பார்க்கிற குழந்தையா இருந்தாலும் சரி, சொத்து இல்லாமல் நிற்கிற பெண்ணா இருந்தாலும் சரி, அவர் கையில் இருந்த வழி ஒன்றுதான்.

மொழிபெயர்ப்பிலும் அப்படித்தான். எட்வின் அர்னால்டு ஆங்கிலத்தில் எழுதின புத்தர் கதையை ஆசிய ஜோதி என்ற பெயரில் தமிழாக்கினார். 1941-ல் புத்தகம் வந்தது. பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாக உமர்கய்யாமைக் கொண்டுவந்தார். படித்தால் மொழிபெயர்ப்பு என்றே தெரியாது, இங்கேயே முளைத்த மாதிரி இருக்கும். கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தார். காந்தளூர்ச் சாலை பற்றி அவர் எழுதின ஆய்வு தனி நூலாகவே வந்தது.

1940 டிசம்பரில் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நடந்த தமிழ் மாநாட்டில், தமிழவேள் உமாமகேசுவரனார் அவருக்குக் கவிமணி என்ற பட்டத்தைக் கொடுத்தார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. 1954-ல் மறைந்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி, அவர் பிறந்த மண் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடைக்காமல் மடத்துக்குப் போன பையனின் ஊரில் தமிழே அரசாங்க மொழியானதைப் பார்க்க அவர் இல்லை. 2005-ல் மத்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் பாட்டிலிருந்து வகுப்பறைக்கு என்ன எடுக்கலாம்?

குழந்தைகளுக்கு எழுத்தும் கவிதையும் எப்படிச் சொல்லித் தரணும் என்பதற்கு அவர் பாட்டுகளே பாடக்குறிப்பு மாதிரிதான். உற்றுப் பார்த்தால் நாலு விஷயம் தெரியுது.

1. கண்ணுக்கு முன்னாடி இருப்பதில் தொடங்கணும். அவர் குழந்தைப் பாட்டுகளில் வருவது காக்கா, கோழி, கிளி, பசு, எலி. குழந்தை இதுவரைக்கும் பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால், அது யாரோ எழுதினதைத்தான் திருப்பி எழுதும்.

2. ஒரு வரிக்கு ஒரு காட்சி போதும். பசு மேயுறது ஒரு வரி, கன்று ஓடுறது இன்னொரு வரி. குழந்தையின் மூச்சு எவ்வளவு நீளமோ, வரியும் அவ்வளவுதான்.

3. சத்தம் விளையாட்டாக வரணும். எதுகை, மோனை என்று இலக்கணப் பெயரை முதல் நாளே சொன்னால் குழந்தை பயந்துவிடும். பட்டம், வட்டம், கட்டம் என்று அடுக்கச் சொன்னால் அதுவே பத்து வார்த்தை கண்டுபிடிக்கும். பெயரைப் பிறகு சொல்லிக்கலாம்.

4. நீதியைக் கடைசி வரியில் ஒட்ட வேண்டாம். கதை சரியா இருந்தா நீதி தானா வந்து உட்காரும்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் பெரிய கவிஞர்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். நோபல் பரிசு வாங்கின தாகூர், வங்காளக் குழந்தைகள் எழுத்துப் பழகுவதற்காகவே சஹஜ் பாட் என்ற பாடநூலை எழுதி 1930-ல் வெளியிட்டார். அமெரிக்காவில் கென்னத் கோச் என்ற கவிஞர் 1968-ல் நியூயார்க்கில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் குழந்தைகளைக் கவிதை எழுத வைத்தார். அவர் கொடுத்த பயிற்சி ரொம்பச் சின்னது. ஒவ்வொரு வரியும் எனக்கு ஆசை என்று தொடங்கணும், மீதி உன் இஷ்டம். அதுவரை கவிதை என்றாலே ஒதுங்கின பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். அந்த அனுபவத்தை 1970-ல் புத்தகமாகவும் போட்டார். குழந்தையிடம் சரக்கு இருக்கு, கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பதுதான் இவர்கள் எல்லோருடைய நம்பிக்கையும்.

அப்போ மனப்பாடம் வேண்டாமா?

வேணும். இதைத் தெளிவாகச் சொல்லணும். பாட்டு மனசில் தங்கினால்தான் மொழியின் தாளம் காதில் ஏறும். கவிமணியின் பாட்டே இத்தனை வருஷம் புத்தகம் இல்லாமல் வாயிலேயே பிழைத்து வந்தது மனப்பாடத்தால்தான்.

சிக்கல் எங்கே வருதுன்னா, மனப்பாடத்தோடு நிறுத்திக்கொள்ளும்போதுதான். அடிபிறழாமல் எழுதுக என்ற கேள்விக்கு மார்க் உண்டு. நீ பார்த்ததை எழுது என்பதற்கு மார்க் போடுறது கஷ்டம். அதனால் வகுப்பில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் நூறு செய்யுளாவது ஒப்பித்திருப்பேன். சொந்தமா நாலு வரி எழுதச் சொல்லி யாரும் கேட்ட ஞாபகம் இல்லை. தமிழ் பி.ஏ. சேர்ந்த பிறகுதான் முதல் தடவையா கேட்டார்கள். அப்போ எனக்கு எழுத வரவில்லை. மனசில் வந்ததெல்லாம் மனப்பாடம் பண்ணின வரிகள்தான்.

இப்போ நிலைமை கொஞ்சம் மாறி வருது என்பதையும் சொல்லணும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் 2022-ல் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டு, கதை, செயல்பாடு எல்லாம் வகுப்புக்குள் வந்திருக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் கொண்டுவந்தது. பிள்ளைகள் எழுதினதும் வரைந்ததும் அச்சில் வர ஒரு இடம் கிடைத்தது. தன் பெயரை அச்சில் பார்த்த குழந்தை அதை லேசில் மறக்காது.

கரிசலில் பசுந்தோட்டம் எங்கே?

கவிமணி எழுதினது தண்ணீர் ஓடுற ஊரிலிருந்து. நம்ம பக்கம் அப்படியா? பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரைக்கும் போய்ப் பாருங்க. மழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் தரிசு. பருத்தி, உளுந்து, மக்காச்சோளம், குதிரைவாலி. மீதி இடமெல்லாம் சீமைக் கருவேலம். வருஷத்தில் பல மாசம் தண்ணி இல்லாத கண்மாய். வெறும் மணலா கிடக்கிற குண்டாறு. அருப்புக்கோட்டைப் பக்கம் தறிச் சத்தம், நூல் மில் ஷிப்ட் சங்கு.

இந்த ஊர்க் குழந்தைக்குப் பாடப்புத்தகக் கவிதையில் வர்ற அருவியும் குயிலும் சோலையும் படத்தில் பார்த்த பொருள்தான். அதனால் கவிதை என்றாலே வேற ஊர்க்காரங்க சமாச்சாரம் என்று அதன் மனசில் பதிந்துவிடுது. நம்ம ஊர்ல எழுத என்ன இருக்கு என்று நினைக்கத் தொடங்கிடுது. இது சின்ன நஷ்டம் இல்லை. தன் ஊரைச் சொல்ல வார்த்தை இல்லை என்று நம்பி வளர்கிற பிள்ளை, பெரியவனானதும் தன் ஊர்க் குறையைச் சொல்லி ஒரு மனு எழுதக்கூட இன்னொருத்தர் கையைத்தான் எதிர்பார்க்கும்.

கவிமணியைச் சரியாகப் பின்பற்றுவது என்றால் பசுவையும் தோட்டத்தையும் காப்பி அடிப்பது இல்லை. அவர் தன் வாசலைப் பார்த்த மாதிரி நாம் நம்ம வாசலைப் பார்ப்பதுதான். பருத்திக் காய் வெடித்துப் பஞ்சு தெரியுற நேரம், கருவேல நெற்றுக்குக் கழுத்தை நீட்டுற ஆடு, கண்மாய்க்கு முதல் தண்ணி வர்ற அன்றைக்கு ஊரே கரையில் போய் நிற்கிறது, தாத்தா தறியில் குழிக்குள் கால் மிதிக்கிற தாளம். இதெல்லாம் பாட்டுக்கு ஆகாதா என்ன?

இன்னொரு விஷயம். ஆசிய ஜோதியில் ஒரு இடம் வரும். யாகத்தில் பலியிட ஓட்டிப் போகிற ஆட்டு மந்தையில், நடக்க முடியாமல் நொண்டுற குட்டியை சித்தார்த்தர் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போவார். பச்சை வயல் ஊர்க் குழந்தையைவிட, ஆடு மேய்க்கிற கரிசல் ஊர்க் குழந்தைக்கு அந்த இடம் நன்றாகப் புரியும். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டால் எப்படிக் கனக்கும், எப்படிச் சூடா இருக்கும் என்பது அதற்குத் தெரியும். கவிதை படிக்கத் தேவையான அனுபவம் நம்ம பிள்ளைகளிடம் குறைவு இல்லை. அதைக் கேட்கிற ஆள்தான் குறைவு.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாத்தியாரை மட்டும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை ஏதாவது கதை சொல்ல வந்தால், போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்க. சொன்னதில் ஒரு வரி நல்லா இருந்தால், அதை அப்படியே எழுதச் சொல்லுங்க. பேச்சுத் தமிழ்லயே எழுதட்டும். எழுத்துப்பிழையை அன்றைக்கே சிவப்புப் பேனாவால் சுழிக்க வேண்டாம். முதலில் என்ன சொல்லியிருக்கு என்று படியுங்க. பிழை திருத்தம் அடுத்த நாள். நாலு வரி போதும்.

ஊரிலிருந்து கிளம்புற அன்றைக்கு அக்கா மகளிடம் மறுபடியும் கேட்டேன். பரீட்சை இல்லை, மார்க் இல்லை, எனக்கு மட்டும் காட்டினால் போதும் என்றேன். பஸ் ஏறும்போது நோட்டுப் பேப்பர் ஒன்றை மடித்துக் கையில் திணித்தாள். அருப்புக்கோட்டை தாண்டினதும் பிரித்துப் பார்த்தேன். ஐந்து வரி. குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது, பச்சை வாளியிடம் பால் கேட்டது, வாளி பேசவே இல்லை.

வாளிக்கு வர வேண்டிய ளி, லி ஆகியிருந்தது. அதை இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை.